அக்காவைக் கதிர் கொல்லவில்லை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தங்கை என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் விருத்தாசலத்தில்தான். அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா இயற்பியல்தான் படிப்பேன் என்று நின்றபோது, வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். “பிசிக்ஸ் படிச்சிட்டு என்னம்மா பண்ணப் போற? பல்பு மாட்டவா?” என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

இங்கே இளங்கலை, சென்னையில் முதுகலை. அதன் பிறகு மருத்துவ இயற்பியல் என்று ஒரு படிப்பு இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவே தேடிப் பிடித்துப் படித்தார். புதுச்சேரியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. கட்டிக்கு எவ்வளவு கதிர் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம் பாய்ந்தால் கட்டி மட்டும் கருகும், பக்கத்து உறுப்பு தப்பிக்கும் என்று கணக்கிடுவது அக்காவின் வேலை. காலையில் முதல் நோயாளி வருமுன் இயந்திரத்தைச் சோதித்துச் சரி சொல்வதும் அவர்தான். ஊரில் கேட்டவர்களுக்கு நம் உறவினர்கள் சொன்ன பதில், “ஆஸ்பத்திரியில சுவிட்ச் போடுற வேலை.”

பெண் பார்க்க வந்தவர்கள், கதிர் பக்கத்தில் இருப்பவளுக்குக் குழந்தை பிறக்குமா என்று கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த இடத்தில் டீச்சர் என்று சொல்லிவிடலாம் என்றார் அத்தை. “நான் பாக்குற வேலைய மறைச்சுதான் என்னைக் கட்டிக் குடுக்கணும்னா, அந்தக் கல்யாணமே வேணாம் அத்தை” என்றார் அக்கா. அதற்கும் திமிர் என்று பெயர் வைத்தீர்கள்.

பிறகு பெரியப்பாவுக்கே தொண்டையில் கட்டி வந்தது. அந்த மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போனோம். எச்சில் சுரப்பியும் தண்டுவடமும் கெட்டுவிடக் கூடாது என்று அக்கா அவருக்கான கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். சிகிச்சை நடந்த நாளெல்லாம் அறைக்கு வெளியே கேமரா திரையில் அவரைப் பார்த்தபடியே நின்றார். பெரியப்பா பிழைத்தார். இன்று நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகப் பேசுகிறார்.

போன வருடம் பணியிலிருந்து திரும்பிய அக்கா வீட்டு வாசலில் மயங்கி விழுந்தார். பிறவியிலேயே மெலிந்திருந்த ஒரு ரத்தக் குழாய் மூளையில் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். கதிருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை நான் கேட்காமலே சொன்னார். பணியில் இருப்பவர் மேல் படும் கதிரை, மார்பில் குத்திய பேட்ஜ் அளந்துகொண்டே இருக்கும். அக்காவின் அளவு ஒருமுறைகூட எல்லையைத் தொட்டதில்லை.

அடக்கம் முடிந்து வந்து பந்தலில் உட்கார்ந்த பெரியப்பா சொன்னது என் காதில் விழுந்தது.

“கதிரு பக்கத்துலயே கெடந்துச்சு. அதான் உசுர வாங்கிருச்சு.”

அவர் முன்னால் போய் நின்றேன். “அந்த ரூமுக்குள்ள படுத்திருந்தது நீங்க பெரியப்பா. எங்கக்கா சுவருக்கு வெளிய நின்னாங்க. உங்களக் காப்பாத்துன கதிரு அவங்க உசுர மட்டும் எப்படி வாங்கும்?”

துக்கத்தில் பேசுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. அண்ணன் மகள் அப்போதுதான் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருந்தாள். சேர்த்துவிட்டதே அக்காதான். அண்ணன் அவளை அங்கிருந்து நிறுத்தி பி.காம். சேர்த்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். “எனக்கு அந்தப் படிப்பு வேணாம்மா, பொண்ணு உசுரோட இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் அழுதார். தங்கையைப் பறிகொடுத்தவரை அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவரை இப்படிப் பயமுறுத்தியவர்கள் மேல்தான் என் கோபம் இன்னும் எரிகிறது. பிள்ளை ஓராண்டு முழுவதும் முகம் கொடுத்து யாரிடமும் பேசவில்லை.

அக்காவுடன் பணியாற்றிய ஒருவர் கேள்விப்பட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். அதே அறைக்கு வெளியே பல வருடமாக நிற்பவர். தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் பேசினார். அண்ணன் கேட்ட ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சென்ற மாதம் அண்ணனே மகளைக் கூட்டிப்போய் இயற்பியலில் சேர்த்துவிட்டு வந்தார்.

அந்தச் சகோதரிக்கும், அக்காவின் கடைசி நேரத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்றைய நோயாளிகளை முடித்துவிட்டு அப்படியே கிளம்பி வந்த அவர் சக பணியாளர்களுக்கும், ஜெபித்த பங்குத்தந்தைக்கும், பந்தல் போட்டு, தண்ணீர் கொடுத்து, எங்களோடு அழுத தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பூசை முடிந்ததும் மதிய உணவு இருக்கிறது. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் அண்ணன் மகள்தான் பரிமாறுவாள். அவள் காதுபட அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.