பொன்னுக்கு வீங்கிய முகம்

எழுபதுகளின் நடுவில், தி.நகரில் நான்கு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன். மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் போடும் ஒரு குழுவில் நடித்துக்கொண்டிருந்த காலம். வயது நாற்பத்திரண்டு, யாராவது கேட்டால் முப்பத்தைந்து.

ஒரு நாள் ஒத்திகையில் குழுவை நடத்தியவர், "அடுத்த நாடகத்துல நீங்க கதாநாயகிக்கு அம்மா" என்றார். அம்மா வேஷம் என்றால் இரண்டு காட்சி, ஒரு அழுகை, அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, கன்னங்களை இரண்டு கையாலும் காதுப் பக்கம் இழுத்துப் பார்த்தேன். மறு வாரமே அடையாறில் ஒரு டாக்டரிடம் போய் நின்றேன்.

நல்ல மனிதர், எதையும் ஒளிக்கவில்லை. காதுக்கு முன்னும் பின்னும் கீறி, தோலை இழுத்துத் தைப்பாராம். இரண்டு வாரமாவது முகம் வீங்கியிருக்கும், நீலம் பாரிக்கும், காது மரத்துப்போகும், பலமாகச் சிரிக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். "இருபது வயசு திரும்பாதும்மா. நல்லா தூங்கி எழுந்த மாதிரி இருப்பீங்க, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அதுவே போதும்.

வெளியூரில் நாடகம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் செய்துகொண்டேன். திரும்பும்போது காதுக்குப் பின்னால் தையல்கூடப் பிரிக்கவில்லை. முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்கினேன். பல் பிடுங்கியதாகச் சொல்லலாம் என்று திட்டம். அடுத்த போர்ஷனில் இருந்த கண்டக்டர் மனைவி அதற்கு வழியே விடவில்லை.

"இன்னாக்கா, மூஞ்சி ரெண்டு பக்கமும் இப்டி வீங்கிக் கீது! பொன்னுக்கு வீங்கி தானே?"

மறுக்கத் தெம்பில்லை, தலையாட்டிவிட்டேன். ஒட்டுகிற வியாதி ஆயிற்றே, அன்றைக்கே தன் இரண்டு பிள்ளைகளையும் வடபழனியில் அம்மா வீட்டில் விட்டுவிட்டாள். அவள் மட்டும் கஞ்சிச் சொம்போடு என்னிடம் வந்தாள். "உனக்கு ஒட்டிக்குமே" என்றேன். "வந்தா வந்துட்டுப் போவுது. கழுத்துல பொன்னு போட்டாதானே வீக்கம் வத்தும், போட்டியா நீ?" என்று கேட்டாள். பெட்டியில் இருந்த மேடை நகையைக் காட்டினேன். "கவரிங்லாம் வேலைக்கு ஆவாதுக்கா" என்று எழுந்து போனாள்.

சாயங்காலம் வந்தவளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, அது இருந்த சங்கிலியைக் கையில் வைத்திருந்தாள். தாலியை விட்டால் அவளிடம் இருந்த பொன்னே அது ஒன்றுதான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பின்னால் நின்று என் கூந்தலை ஒதுக்கிக் கழுத்தில் மாட்டினாள். கொக்கி மாட்டக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு முந்தானையை இழுத்து என் காதுகளை மூடிவிட்டுப் போனாள்.

பதினைந்து நாளும் கஞ்சி வந்தது. மற்ற குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்த்தால், "உள்ள போவாதீங்க, ஒட்டிக்கும்!" என்று விரட்டினாள். பிள்ளைகளைப் பிரிந்து, தாலிக்கொடியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு எனக்குச் சேவகம் செய்பவளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று கூசிப்போனேன். வீக்கம் வற்றியதும் சங்கிலியைக் கையில் கொடுத்து, உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. சங்கிலி மாட்டசொல்லோ தையலைப் பாத்தேனே" என்றாள்.

"பின்னே ஏன் அப்பவே சங்கிலியைக் கழட்டிக்கலே?"

"எதுக்கு வீங்கினா இன்னா? வீக்கம் வீக்கந்தானே!"

"அப்புறம் ஏண்டி பிள்ளைகளைக் கூட்டிண்டு வரலே?"

"இட்டாந்தா மத்தவங்களுக்கு டவுட்டு வராதா?"

சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழக் கூடாது என்று சொல்லவில்லை. அழுது தீர்த்தேன்.

என்னை அம்மா என்று சொன்ன அதே நாடகத்தில் கதாநாயகி வேஷம் எனக்கே கிடைத்தது. அவளைக் குழந்தைகளோடு முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அதற்கடுத்த நாடகத்தில் அம்மாவாகிவிட்டேன், இந்த முறை அவ்வளவாக வலிக்கவில்லை. இழுத்துத் தைத்த கன்னம் எப்போதோ பழையபடி தளர்ந்துவிட்டது. காதுக்குப் பின்னால் தழும்பு மட்டும் மெல்லிய கோடாக இருக்கிறது. தலை வாரும்போது விரல் அதில் பட்டால், வெறும் மஞ்சள் கயிற்றோடு பதினைந்து நாள் எனக்காகப் பொய் சொன்ன அந்தப் பெண்ணின் முகம்தான் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது.