தட்டில் வைத்த கைப்பை

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் தொலைபேசி அதிர்ந்தது. பாரிசின் லா ஷப்பலில் நான் வேலை செய்யும் சேலைக்கடையில், கல்யாணப் பெண்ணின் தாய் ஒருத்திக்கு ஒன்பதாவது கூறைச்சேலையை விரித்துக்கொண்டிருந்தேன். அழைத்தது மகள். சனிக்கிழமைகளில் அந்த நேரத்தில் அவள் அழைக்கவே மாட்டாள். அவளும் ஒரு கடையில்தான் வேலை செய்கிறாள். கடைக்காரர்களுக்குச் சனிக்கிழமை என்றால் என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அம்மா, என்னை வீட்டை போகச் சொல்லிட்டினம்."

"ஏன் பிள்ளை, சுகமில்லையோ?"

"மாமியவைக்குக் குடுத்த அந்தப் பை. அதை இன்டர்நெட்டிலை வித்திருக்கினம்."

அதற்குப் பிறகு அவள் பிரெஞ்சில் பேசினாள். கலங்கினால் அவளுக்குத் தமிழ் வராது. பின்னறைக்குக் கூப்பிட்டார்களாம். பாரிசில் உள்ள தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தாராம். பத்து நாளில் விசாரணை. அதுவரை கடைப்பக்கம் வரக்கூடாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்களாம். நான் சேலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். கல்யாணப் பெண்ணின் தாய், "உதுக்குப் போடர் கொஞ்சம் சின்னன் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் என்ன கடையில் வேலை செய்தாள் என்று சொல்லவேண்டும். தோல் கைப்பைகள் விற்கும் கடை. பேரைச் சொன்னால் உலகத்துக்கே தெரியும், சொல்லமாட்டேன். 2009இல் லா ஷப்பல் கடைகளெல்லாம் கதவை இழுத்து மூடிவிட்டு, வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலத்துக்குப் போனபோது அவள் கொலேஜில், ஏழாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். படிப்பு முடித்து, பாரிசில் அந்தக் கடையின் கிளையொன்றில் நான்கு வருடம் கால்கடுக்க நின்றாள். பிறகு தெற்கே ஒரு நகரத்தில் புதிதாகக் கிளை திறந்தபோது உதவி மேலாளராக அனுப்பினார்கள். நகரத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. மகள் வேண்டாம் என்றாள்.

பெரிய நகரமும் அல்ல, சின்ன நகரமும் அல்ல. திறப்பு விழாவுக்கு நானும் போனேன். ரயிலால் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரந்தூக்கி. புது ட்ராம் பாதை, புது வீட்டுத் தொகுதிகள், தொட்டியில் கொண்டுவந்து வைத்த பனைமாதிரி மரங்கள். பாரிசில் வாடகை கட்ட ஏலாதவர்களெல்லாம் அங்கேதான் போகிறார்கள் என்று மகள் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் காசுள்ளவர்கள் போக, காசுள்ளவர்களுக்குப் பின்னால் இந்தக் கடைகள் போகின்றன. கடை இருந்த தெருவில் முன்பு இறைச்சிக்கடை, டெலிபோன் அட்டை விற்கிற கடை, துணிக்கடை எல்லாம் இருந்தனவாம். வாடகை ஒப்பந்தம் முடிந்தபோது ஒருவருக்கும் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. சுவர்க்கல்லைத் தண்ணீர் பீச்சிக் கழுவி வெள்ளையாக்கியிருந்தார்கள். ஒரு கதவின் மேலே மட்டும் பழைய கடையின் அரபு எழுத்து பாதி சுரண்டியபடி இருந்தது. அந்தத் துணிக்கடையில் என்னைப்போல ஒருத்தி துணி விரித்திருப்பாள். அவள் இப்போது எங்கே விரிக்கிறாள் என்று யாரைக் கேட்பது? மகளிடம் கேட்கவில்லை. அவள் அன்று கறுப்புச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டி, வாசலில் நின்றாள். பத்திரிகைக்காரன் படமெடுத்தபோது அவளைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் நிறம் அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தப் படத்தை நான் லா ஷப்பல் முழுக்கக் காட்டினேன்.

அதுதான் பிழை தொடங்கிய இடம்.

அடுத்த வருடம் என் அண்ணையின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. நான் பிள்ளைக்கு மாமி. மாமி வெறுங்கையுடன் போகமுடியாது; தட்டுத் தூக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் தட்டு என்றால் பலகாரம், பழம், பூ, ஒரு சேலை. பாரிசில் அது வேறு மாதிரிப் போய்விட்டது. ஐபேட் வைத்த தட்டுப் பார்த்திருக்கிறேன். வாசனைத் திரவியப் போத்தல்களைக் கோபுரமாக அடுக்கிய தட்டுப் பார்த்திருக்கிறேன். வீடியோக்காரன் ஒவ்வொரு தட்டாகக் கிட்டப்போய் எடுப்பான். அந்த வீடியோ லண்டன், கனடா எல்லாம் போகும்.

மச்சாள், அண்ணையின் மனைவி, என்னைக் கடையிலேயே வந்து பிடித்தாள். முதலாளிக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

"மச்சாள், உங்கடை தட்டிலை என்ன வரும் எண்டு எல்லாரும் கேக்கினம். நான் சொன்னன், மாமிக்காரி பலகாரத்தோடை வரமாட்டா, அவவின்ரை மகள் எந்தக் கடையிலை நிக்கிறாள் எண்டு தெரியுந்தானே எண்டு."

முதலாளி சிரித்தார். "அக்கா, உந்தப் பையளுக்குள்ளை என்ன, பவுணோ வைச்சுத் தைக்கிறாங்கள்?"

நானும் சிரித்தேன். அன்றிரவே மகளுக்கு அழைத்தேன்.

அந்தக் கம்பனியின் விதி அவளுக்கு மனப்பாடம். வேலையாட்களுக்குச் சலுகை விலையில் வருடத்துக்கு இரண்டு பொருள். சொந்தப் பாவனைக்கு மட்டும். யாருக்கும் கொடுக்கக்கூடாது, விற்பது நினைக்கவே கூடாதது. கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பையின் உள்ளேயும் இலக்கம் இருக்கிறது. யார் வாங்கியது என்று பாரிசில் இருந்தே பார்ப்பார்கள்.

"ஏலாது அம்மா."

"ஒரு பை. ஒரே ஒரு பை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"நோ. வேலை போகும்."

"மச்சாள் சபையிலை என்னைப் பாத்துச் சிரிப்பாள். உனக்கு அது விருப்பமோ? உன்ரை மாமாவின்ரை பிள்ளை. பிறத்தியாரோ?"

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கிற பிள்ளையை எப்படி வெல்வது என்று தாய்மாருக்குத் தெரியும். நான் அழுதேன். பொய்யாக அழவில்லை. ஆனால் அழுதால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அழுதேன்.

எனக்கு அந்த விதி விளங்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் ஊரில் டியூட்டரியில் படிப்பித்தவள்; வாசிக்கத் தெரியாதவள் அல்ல. ஆனால் இருபது வருடமாக நான் நிற்கிற கடையில், புறநகர் திரான்சியிலிருந்து வருகிற பெண் ஐந்து சேலையைத் தூக்கிக்கொண்டு, "வீட்டிலை காட்டிப்போட்டுத் தாறன்" என்று போவாள். பேர்கூட எழுதுவதில்லை. நான்கு திரும்பி வரும். எனக்குத் தருகிற கழிவு விலையில் என் சொந்தக்காரர் பாதிப்பேர் சேலை எடுத்திருக்கிறார்கள். முதலாளிக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார். வேலை செய்கிற கடை சொந்தத்துக்கு உதவாவிட்டால் அது என்ன வேலை? அந்தப் புத்தியைத்தான் நான் தெற்கே, கழுவி வெளுத்த அந்தத் தெருவுக்கு அனுப்பிவைத்தேன்.

பை வந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து, எல்லாருக்கும் தெரியத்தக்கதாக, வாழைப்பழச் சீப்புக்கும் தேங்காய்க்கும் நடுவில் வைத்துத் தூக்கிப் போனேன். மண்டபத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வீடியோக்காரன் குனிந்தான். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நினைக்க இப்போது உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதத்தில் மச்சாள் அதை விற்றாள். புதிது, பெட்டியுடன் என்று விளம்பரம். போட்ட படம் என்ன தெரியுமா? தட்டுப் படம். ஆல்பத்திலிருந்து எடுத்தது. அதோடு பையின் உட்புறத்தைக் கிட்டவாக ஒரு படம், இலக்கத்துடன். பாரிசிலிருந்து வந்த அந்த மனிதர் மகளுக்கு முன்னால் அந்தப் படத்தை வைத்து, வாழைப்பழத்தின்மேல் விரலை வைத்து, "இது எங்கள் கடைக் காட்சிப்படுத்தல் இல்லையே?" என்று கேட்டாராம். மேலாளர் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வேலை போவது ஒன்று. எங்கள் தட்டைப் பார்த்துச் சிரிப்பது இன்னொன்று. தங்களை "மெசோன்", அதாவது "வீடு" என்று சொல்லிக்கொள்வார்கள் அந்தக் கம்பனிக்காரர்கள். தினமும் மாலையில் வேலையாட்களின் சொந்தப் பையைத் திறந்து பார்த்து வெளியே விடுகிற வீடு.

மகளின் புது வீட்டு வாடகை ஒப்பந்தம் அந்த வேலையைக் காட்டித்தான் எடுத்தது. வேலை போனால் வீடும் போகும். வேறு எந்த நல்ல கடையும் எடுக்காது. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தொழிற்சங்கத்து ஆலோசகர் ஒருத்தி மகளுக்கு ஒரு வழி சொன்னாள். பையை விற்றவர்கள், அது மகளுக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதி, அடையாள அட்டைப் பிரதி வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், எச்சரிக்கையோடு விடக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை லா கூர்னெவில் இருக்கிற அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணை சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

"ஏன் மச்சாள் வித்தனீங்கள்?"

"பிள்ளை உதைத் தூக்கமாட்டன் எண்டிட்டாள். கிழவியளின்ரை பையாம். வைச்சு என்ன செய்யிறது, பூசை செய்யிறதோ?"

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"ஏன் கேக்கவேணும்? தட்டிலை வைச்சது வைச்சதுதான். தந்தாப் பிறகு அது எங்கடை சாமான். நான் என்ன களவோ எடுத்தனான்?"

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிந்தது. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மச்சாள் அண்ணையைப் பார்த்தாள். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தங்கச்சி, பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்ட எங்கடை நசனாலித்தே பேப்பர் உள்ளுக்கை கிடக்குது. மூண்டு வரியமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். இப்ப நான் பேர் போட்டு, கையெழுத்து வைச்சு, வித்தனாங்கள் எண்டு எழுதித் தந்தா, உது நாளைக்கு எங்கை போய் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அண்ணை, பிள்ளையின்ரை வேலை."

"அவள் கெட்டிக்காரி. வேறை வேலை எடுப்பாள். எங்களுக்கு வேறை பேப்பர் எடுக்கேலுமோ?"

"அவள் எடுத்த பையைத் தட்டிலை வைச்சுச் சபையிலை காட்டேக்கை உங்களுக்குப் பேப்பர் ஞாபகம் வரேல்லை என்ன?"

மச்சாள் எழும்பினாள். "காட்டினது நீங்கள் மச்சாள். நாங்கள் வாங்கினனாங்கள், அவ்வளவுதான்."

தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் கணவர், "ஒரு பைக்கோ இவ்வளவு?" என்றார். அவர் உணவகச் சமையலறையில் நிற்பவர். தட்டுக் கழுவியே முழங்கை தேய்ந்தவர். அவரைப் பார்த்துக் கத்தினேன்.

கடிதம் இல்லாமல்தான் மகள் விசாரணைக்குப் போனாள். நான் வருகிறேன் என்றேன். வரவேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அழைத்தாலும் எடுக்கவில்லை. "சுகமா இருக்கிறன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க நான் கடையில் நின்று சேலை விரித்தேன். விரிக்க விரிக்க மச்சாளைத் திட்டினேன். கூட நிற்கிறவளிடம் திட்டினேன். முதலாளியிடம் திட்டினேன். எங்கள் தெருவிலும் மூலைக் கடையொன்றை மூடி, மரநாற்காலி போட்டு, கோப்பிக்கடை திறக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து, "இஞ்சையும் வந்திட்டாங்கள்" என்று அதற்கும் திட்டினேன். அந்தத் தெற்கு நகரத்தையும் அதன் பாரந்தூக்கிகளையும் அதன் வெள்ளைக் கல்லையும் திட்டினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். மச்சாளின் குடும்பத்தை ஊரிலிருந்தே தெரிந்த ஒரு பெண் சேலை பார்க்க வந்திருந்தாள். நான் விடவில்லை.

"உவை எப்பவும் உப்பிடித்தான். வாங்கேக்கை சொந்தம். தூக்கிவிடவேண்டி வந்தா பேப்பர். என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை வித்துச் சாப்பிட்டவள் அவள். சந்தியிலை கண்டா மூஞ்சையிலை துப்புவன்."

அந்தப் பெண் எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரும்பினேன்.

வாசலில் மகள் நின்றாள். இரண்டு பெரிய சூட்கேஸ், தோளில் ஒரு துணிப் பை. தலையைக் கட்டவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. நான் விரித்த சேலையைத் தாண்டி அவளிடம் போனேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை.

"கடிதம் வந்திட்டுது," என்றாள். "வேலையாலை நிப்பாட்டிட்டினம்."

"அவளைச் சும்மா விடமாட்டன் பிள்ளை. உன்ரை மாமியை நான்..."

"மாமியைப் பேசாதேங்கோ அம்மா," என்றாள் மகள், அத்தனை பேருக்கும் முன்னால், சுத்தத் தமிழில். "மாமி என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. கேட்டது நீங்கள்."