கோலி சாரின் "வர்றேன்"

செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசியில் தயாளன் பெயர் தெரிந்தது. ஞாயிறு தவிர மற்ற நாளில் அவர் அழைப்பதில்லை. வழக்கமான பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன். பேசியவர் ஒரு பெண். ஆம்பூரில் தயாளனின் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராம். "சார் போய்ட்டாரு. போன்ல உங்க நம்பர்தான் மொதல்ல இருந்துச்சு" என்றார்.

கல்லூரியில் வாடா போடா என்று பழகியவரை 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் மரியாதை.

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கு பஸ்ஸில் வந்து படித்தவர். எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர், சுருக்கமாகக் 'கோலி'. அவருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நிற்பது நான். பந்தைப் பிடிக்க முன்னேறும்போது "வர்றேன்" என்று கத்துவார். கேட்டதும் நாங்கள் விலகிவிட வேண்டும். கடைசி வருஷத்துக் கடைசி ஆட்டத்திலும் கத்தினார். நானே அடித்துப் பெயர் வாங்கும் ஆசையில் நான் விலகவில்லை. என் பூட்ஸ் அவர் முழங்காலில் இறங்கியது. அந்தக் கால் அப்புறம் மடங்கவே இல்லை.

விளையாட்டால் கிடைக்கவிருந்த வேலையும் போனது. ஆம்பூரில் ஷூ செக்கிங் வேலையில் சேர்ந்து, பிறகு நான்கு தையல் மிஷின்களோடு சொந்தமாகத் தொடங்கி, பெரிய முதலாளி ஆனார். தொழிலாளிகளுக்கு அவர் 'கோலி சார்'. மற்ற முதலாளிகள் பூனை நடை நடந்து வருவார்கள். இவரோ படியேறும்போதே "வர்றேன்" என்று குரல் கொடுப்பார். "நான் இன்னா திருடனப் புடிக்கவா போறேன்? பேசிட்டிருக்கறவங்க பேஜாராவக் கூடாதில்ல" என்பாராம்.

மனைவி இறந்து, மகளும் வெளிநாட்டில் குடியேறிய பின் ஒண்டிக்கட்டை ஆனார். ஞாயிறுதோறும் என்னை அழைத்து, "இன்னா தோஸ்த், எப்ப வர்ற?" என்பார். அடுத்த வாரம் வர்றேன் என்பேன். நான் இருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் ஒன்றும் அமெரிக்கா இல்லை. அந்தக் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு நான் கத்தனது உனக்குக் கேக்கலதானே?" கேட்கவில்லை என்றேன். "என் கொரல்தான் கம்மியா இருந்திருக்கும்" என்று சிரித்தார். பழியை அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாவு வீட்டில் அந்த சூப்பர்வைசர் அம்மா என்னை அருகே அழைத்தார். "ஞாயித்துக்கெழமையானா மாடில ரெண்டு நாற்காலி போடச் சொல்வாரு, சார். தோஸ்த் வர்றான்னு சொல்வாரு. பொழுது சாஞ்சதும் அவரே மடிச்சு வெச்சிடுவாரு." இத்தனை வருஷம் ஒரு மனிதரை நாற்காலி போட்டுக் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாலை போட்டவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல்தான் கலைந்தார்கள். நான் அவருடைய கால்மாட்டில் நின்று, அந்த முழங்காலைத் தொட்டேன். சொல்லக் கூடாது என்று தெரிந்தே சொன்னேன்.

"அன்னிக்கு நல்லாவே கேட்டுச்சு, தயாளா. வர்றேன்."