உடும்பு இன்று முட்டை தின்றது

வாசகசாலைப் பலகையைப் பார்க்கும் அன்பர்களுக்கு, இன்று காலை நடந்ததை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்.

1. என் உடும்பு தேறிய விதம்.
2. அதற்கு வெயிலும் தண்ணீரும் வேண்டும் என்பது.
3. அதன் நலனை விசாரிக்க நம் திருக்கோகர்ணத்தில் ஒருவராவது இருக்கிறார் என்பது.

முதல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். சில நாட்களாக உடும்பு எதையும் தொடவில்லை. அறைக்குள்ளேயே வைத்திருந்தது காரணமோ என்று ஐயம் வந்தது. கூண்டைக் கொல்லையில் பாதி வெயில், பாதி நிழலாக வைத்து, அது அமிழ்ந்து கிடக்கத் தொட்டியில் தண்ணீரும் ஊற்றினேன். இன்று ஒரு கோழிமுட்டையை ஓட்டோடு விழுங்கியது. வெயிலால்தான் தேறியது என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மூன்றாவதை எழுதத் தொடங்கும்போது அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். தினமும் உடும்பைப் பற்றிக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

“ஐயா, இன்னைக்காச்சும் தின்னுச்சுங்களா?”

“ஒரு முட்டை தின்னுச்சும்மா.”

“அப்பாடா! எளச்சுப் போனா கொழம்புல எலும்புதானங்க மெதக்கும். எங்க மாமாவோட மூலத்துக்கு உடும்புக்கறிதான் கேக்குமாம். அடிக்கிற அன்னைக்கு எங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க.”

“நான் இதை வளர்க்கிறேம்மா.”

“அதானே! வளத்தாத்தானங்க கறி தேறும்.”

பார்க்கலாம் என்றேன்.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. உடும்பு கொழுக்காமல் நலமாக இருக்க வழி தெரிந்தவர்கள் இதன் கீழே எழுதலாம். பங்கு கேட்பவர்கள் எழுத வேண்டாம்.