அம்மன் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை

அம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என் அனுபவத்தைச் சொன்னபோது பாதியில் அழுதுவிட்டேன். மீதியை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இதில் எதையும் விடாமல் சொல்கிறேன். சில இடம் படிக்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் நான் பச்சையம்மன் முகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் குலதெய்வம் அவள். கல்வராயன் மலை அடிவாரத்தில் கோயில். வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். எங்கள் வேன் கோயில் எதிரே நிற்கும். டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றுவார், கூட வருகிறவர்களும் இறங்கிக் கும்பிடுவார்கள். நான் மட்டும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கத்து மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்தாறு. நர்ஸ். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அவர்களுடைய மருத்துவ வேனில் மலை ஊர்களுக்குப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. கல்யாணம் அமையவில்லை. சிலருக்கு அமையாது, அவ்வளவுதான். தியாகதுருகம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அம்மாவுக்கு நாலு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக வராது. பேச்சு மட்டும் தெளிவாக வந்துவிட்டது. குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப் போவது எல்லாம் நான்தான்.

ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது, மொழி தெரிந்த நர்ஸ்களை எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். அவள் பேச்சோடு விட்டுவிட்டாள். நான் விடவில்லை. சம்பளம் ஒரு காரணம், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வயது வரைக்கும் நானாக எதையும் ஆரம்பித்ததில்லை. படிப்பு, வேலை எல்லாம் யாரோ சொல்லிச் செய்தது. இது ஒன்றுதான் எனக்கே எனக்கென்று தோன்றியது.

போனில் வகுப்பு. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு டீச்சர், ஜப்பானில் ஆறு வருஷம் இருந்தவர், சாயங்காலம் ஏழு மணிக்கு வருவார். முதலில் நாற்பத்தாறு எழுத்து. அப்பாடா என்று நிமிர்ந்தால் இன்னொரு நாற்பத்தாறு. அதுவும் முடிந்தால் படம் போட்ட மாதிரி எழுத்துகள், அவற்றுக்கு முடிவே கிடையாது. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் பாடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வேனில் காதில் மாட்டிக்கொள்வேன். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போவேன். பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க என் கிறுக்கல்தான். மலையில் வரிசையில் நிற்கிறவர்களிடம் “தைஜோபு தெஸ் கா” என்று கேட்டுப் பழகுவேன். நல்லா இருக்கீங்களா என்று அர்த்தம். நாலைந்து மாதத்தில் அந்தப் பொம்பளைகளே என்னைக் கண்டதும் “தைஜோபு, தைஜோபு” என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. பங்குனியில் சென்னைத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவர் கரும்பு விவசாயம் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். எனக்கு அப்பா மாதிரி. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “நான் இன்னா சொல்றது பாப்பா? அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம். அவ சொன்னா சரி” என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. என் அண்ணன் எவ்வளவு நியாயமானவர் என்று வேனில் எல்லோரிடமும் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழை நாரில் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்த பொட்டலத்தைத்தான் பிரிப்போம், மற்றதைத் தொடமாட்டோம். பிரித்துப் பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அது அங்கேயே கிடக்கும், பூசாரி வீட்டில் கூட்டித் தள்ளுவார்கள். பொட்டலம் கட்டுவது வீட்டில் மூத்த ஆம்பளை. அண்ணன் திரும்பி உட்கார்ந்து கட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

சிவப்பு அரளி.

அண்ணன் என் தோளைத் தட்டி, “அவளே வேணாம்னுட்டா. வுடு பாப்பா” என்றார். திரும்பி வரும்போது கள்ளக்குறிச்சியில் வண்டியை நிறுத்தி எனக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றேன். 

டீச்சருக்கு போன் செய்து நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். இது உங்கள் முடிவா என்று கேட்டார். எங்கள் அம்மன் முடிவு என்றேன். சரி, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வாருங்கள் என்று வைத்துவிட்டார். போனில் இருந்த பாடத்தையெல்லாம் அழித்தேன். புத்தகத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

ஆனால் வார்த்தை போகவில்லை. மழை வந்தால் “ஆமே” என்று வாயில் வரும். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது எங்கே வலிக்கிறது என்று ஜப்பான் மொழியில் கேட்க நாக்கு திரும்பும். வேண்டாம் என்று சொன்னவள் ஆசையையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டாமா? ஆடி மாதம் ஊரே கூழ் ஊற்றியது. நான் வாசல் பக்கம் போகவில்லை. அண்ணி கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேன் வழக்கம்போல கோயில் எதிரே நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு என்னவோ அடக்க முடியவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னது நிஜமானால் இந்த ஆசையை என் மனசிலிருந்து பிடுங்கிப் போடு. பிடுங்க மாட்டாய் என்றால் ஏன் சொன்னாய் என்று எனக்குச் சொல். இரண்டில் ஒன்று செய்யாமல் என்னை இப்படி வைக்காதே. இதுதான் என் வேண்டுதல். அழகாக வேண்டத் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை அடிவாரத்து ஊரில் வேன் போட்டிருந்தோம். பூசாரியின் சம்சாரம் வரிசையில் நின்றிருந்தார். அவர் எங்கள் வேனுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. எப்போதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். அந்த வாரம் மாத்திரை தீர்ந்துபோய், பஸ் ஏற உடம்புக்கு முடியாமல் வந்திருக்கிறார். பி.பி. பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பங்குனியில் பூ கேட்க வந்த பொண்ணுதானே என்றார். ஆமாம் என்றேன்.

“கேக்கறேன்னு தப்பா எட்துக்காத மா. ஒங்க வூட்ல ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பேதான் கட்டுவீங்களா? இன்னா மொற அது?”

காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். மறுநாள் காலையில் கூட்டும்போது வெற்றிலை வாடி நார் கழன்று கிடந்ததாம். உள்ளே சிவப்பு அரளி. நாங்கள் பிரித்துவிட்டுப் போனதும் சிவப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம், நமக்கென்ன என்று கூட்டித் தள்ளிவிட்டாராம். ஆனாலும் கேட்க வேண்டும் என்று மனசில் இருந்துகொண்டே இருந்ததாம்.

அவருடைய பி.பி.யை இரண்டு முறை தப்பாக எழுதினேன்.

பச்சையம்மன் பதிலே சொல்லவில்லை, பாருங்கள். அவளைப் பேசவே விடவில்லை. ஐந்து மாதம் நான் யாரைத் திட்டினேனோ அவள் என்னைப் போலவே ஏமாற்றப்பட்டவள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால்கூடத் தேவலை.

“ஆமா, கட்னேன். இன்னா பண்ணச் சொல்ற? நீ பூட்டா அம்மாவ யாரு பாக்கறது? அங்க எவனோ ஒரு கெழவன குளிப்பாட்டப் போறேன்ற, இங்க பெத்தவ கெடக்கறா.”

“அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல ணா. ஏன் அம்மன் வாயில வச்ச?”

“நான் சொன்னா கேட்டிருக்க மாட்ட.”

அதுதான் என்னை உடைத்தது. அவர் ஒரு வார்த்தை போகாதே என்று சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். முணுமுணுத்துக்கொண்டாவது நின்றிருப்பேன். கூடப் பிறந்தவருக்கு அது தெரியவில்லை. தெரியாததுகூடப் பரவாயில்லை. என் பக்தியை எடுத்து என்னையே கட்டிப்போட்டார். நான் கேள்வி கேட்காமல் நம்புகிற இடம் எது என்று பார்த்து அங்கே கை வைத்தார்.

அப்போது அம்மா பேசினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டோம்.

“என்னிய சாக்கு வச்சி ஆளாளுக்கு அட்ச்சிக்கினு இருக்கீங்க. யாருனா என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அண்ணன் மட்டுமில்லை, ஒரு வருஷமாகப் படித்த நானும் கேட்கவில்லை. அம்மா போ என்றார். வெறும் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. போகிறதுக்குள் மருமகளுக்கும் மகனுக்கும் எல்லாம் கற்றுக் கொடுத்துவிட்டுப் போ என்றார். அடுப்படியிலிருந்து வந்து நின்ற அண்ணி தலையாட்டினார். பொட்டலம் விஷயம் அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுக்க அப்போது இரண்டே நாள் மீதி இருந்தது. அம்மன் ஒரு வாரம் தாமதித்திருந்தால் அடுத்த தேர்வுக்கு இன்னும் ஆறேழு மாதம் போயிருக்கும். டீச்சரைக் கூப்பிட்டேன். எதுவும் விசாரிக்காமல், இன்றைக்கு ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வேன் நின்றதும் நான்தான் முதலில் இறங்கினேன். மறுபடியும் பூ கட்டிப் பார் என்று சிலர் சொன்னார்கள். பார்க்கவில்லை. அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டேன். கேட்டு முடிக்கும்போது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

தேர்வுக்கு உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிச் சென்னை போனேன். அங்கே எல்லாம் காலேஜ் பிள்ளைகள். ஒருத்தி என்னிடம், யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் ஆன்ட்டி என்றாள். என்னைத்தான் என்றேன். ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். பராமரிப்பு வேலைக்கான தேர்வும் அதற்கப்புறம் முடிந்தது. இதற்கிடையில் வீட்டில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது எல்லாம் அண்ணிக்குக் கற்றுக் கொடுத்தேன். தூக்கி நிறுத்துவதை அண்ணனுக்குக் கற்றுக் கொடுத்தேன். பேச்சு குறைவு. இங்கே பிடி, இப்படித் தூக்கு, அவ்வளவுதான் எங்களுக்குள். இப்போது தினமும் சாயங்காலம் அவர்தான் அம்மாவை வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போகிறார்.

வேலைக்கான நேர்காணல் போனில் நடந்தது. நீங்கள் வந்துவிட்டால் உங்கள் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஜப்பானிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் மொழியில் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

விசா வந்துவிட்டது. ஆனியில் கிளம்புகிறேன். பச்சையம்மன் எனக்குச் செய்தது பெரிது. என் கோபத்தை வேண்டுதலாக எடுத்துக்கொண்டு ஐந்தே நாளில் பதில் அனுப்பினாள். நான் முகம் திருப்பினபோதும் அவள் திருப்பவில்லை. அன்றிலிருந்து என் பிரச்சினையை யார் மூலமாகவும் அவளிடம் கேட்பதில்லை, நானே நேரில் பேசுகிறேன். மனசு விட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், நீங்களும் அப்படியே பேசுங்கள். திட்டிக்கூடப் பேசுங்கள், அவள் கேட்பாள். அவள் பெயரைச் சொல்லி மனிதர்கள் செய்ததை மட்டும் அவள் தலையில் போட்டுவிடாதீர்கள்.

அண்ணனை மன்னிக்கும் மனசு கொடு என்றும் தினமும் கேட்கிறேன். அது இன்னும் கிடைக்கவில்லை. அவர் எதிரே வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திரும்பி உட்கார்ந்த முதுகுதான் தெரிகிறது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. விமானம் ஏறுவதற்குள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அங்கே போயும் கேட்பேன்.