உப்புக் கேட்டு ஒரு கடிதம்

போன வாரம் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்துகிறாராம். நன்கொடை கேட்டு எழுதிய கடிதத்தை நீட்டினார். கம்ப்யூட்டரில் அடித்த நான்கு பக்கம்!

"கொஞ்சம் திருத்திக் குடுங்க டீச்சர். எத்தனையோ பேருக்கு அனுப்பிட்டோம் லா. ஒருத்தரும் பதில் போடல."

படித்தேன். நோக்கம் இருந்தது. கமிட்டி உறுப்பினர் பெயரெல்லாம் இருந்தது. பிள்ளைகள்? தேடினேன்... காணோம்.

நானும் அப்படி எழுதியவள்தான். யுத்தத்தில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில்.

அப்போது சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டீச்சர். ஆண்களில் பாதிப்பேரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் பட்டினி. நானும் ஆரோக்கியம் அக்காவும் — அவர் புருஷனும் சயாமில்தான் — மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கஞ்சிக் கொட்டகை போட்டோம். மரவள்ளிக்கிழங்கு கிடைத்தது. உப்பு இல்லை. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை இல்லை.

டவுனில் மளிகைக்கடை பாயிடம் இருக்கும் என்றார்கள். ஆனால் கடையில் எந்நேரமும் ஜப்பான்காரனுக்குத் துப்புச் சொல்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். வாய்விட்டுக் கேட்க முடியுமா? கடிதம்தான் வழி.

'கருணைக் கடலே' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை.

அந்த வாரம் அஞ்சலை என்ற குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அடக்கம் செய்துவிட்டு வந்து மறுபடி எழுதினேன். 'அஞ்சலைக்கு நான்கு வயது. கொய்னா இல்லாமல் செத்துப்போனாள். அவள் தம்பிக்கும் காய்ச்சல். அப்பாவை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொய்னாவும் உப்பும் கொடுங்கள்.'

இந்த முறை நானும் அக்காவுமே கொண்டுபோனோம். பாலத்தில் ஜப்பான் சிப்பாயின் சோதனை. குனிந்து வணங்கினோம். சிப்பாய் அக்காவின் கூடையைக் கவிழ்த்தான். கீரைக்கட்டுக்கு நடுவிலிருந்து கடிதம் விழுந்தது.

அதைப் பக்கத்தில் நின்ற தமிழ்க் கிராணியிடம், ஆபீஸ் குமாஸ்தாவிடம், கொடுத்தான். கிராணி படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அவர் கண் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா? அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அனாக் சாக்கிட். மிந்தா ஊபாட்" என்றார் கிராணி, மலாயில். பிள்ளைக்குச் சுகமில்லை, மருந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான்!

சிப்பாய் எங்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்... பிறகு, போ என்று கையை வீசினான்.

கடிதத்தைத் திருப்பித் தரும்போது கிராணி உதடு அசையாமல் சொன்னார்: "அந்த வரியக் கிழிச்சிடுங்கம்மா. வேற யாராவது படிச்சா உங்க தல இருக்காது. என் தலயும்தான்."

வளைவு தாண்டியதும் அப்பாவைப் பற்றிய அந்த வரியைக் கிழித்தேன். அக்கா அந்தத் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார்.

கடையில் துப்புச் சொல்கிறவன் இருந்தான். பாய் கடிதத்தைப் படித்தார். நடுவில் கிழிந்த இடத்தை விரலால் தடவினார்.

"இந்தப் புள்ளையோட அத்தா எங்கம்மா?"

என் கண் துப்புச் சொல்கிறவன் பக்கம் போனது. அக்கா தரையைப் பார்த்தார்.

"கடனுக்கெல்லாம் சாமான் கெடையாது. போங்க, போங்க!" என்று கத்தினார் பாய்.

வெறுங்கையோடு வெளியே வந்தோம். கடைக்குப் பின்னால் இருந்த சந்து வழியாகப் போகும்போது ஒரு கதவு திறந்தது. பாயேதான்! கையில் ஒரு சின்ன மூட்டை. உப்பு. உப்புக்குள் கொய்னா.

"மொதல்லயே இப்படி எழுதியிருக்கலாமேம்மா? போன கடுதாசில நீங்க என்னதான் கேக்கறீங்கன்னே எனக்கு வெளங்கல."

காட்டு வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பினோம். அஞ்சலையின் தம்பி பிழைத்துக்கொண்டான். அக்காவின் புருஷன் கடைசிவரை திரும்பவில்லை.

சில நாள் கழித்துப் பாய்க்கு இன்னொரு கடிதம் அனுப்பினேன். ஒரே வரி: 'பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.'

அதில் நான் எதுவுமே கேட்கவில்லை. அதற்குத்தான் பெரிய மூட்டை வந்தது!