வாஸ் கோயிங் டு

இங்கிலீஷ் தெரியும் என்று ஊருக்குள் பெயர் எடுத்தால் என்ன ஆகும்? தாராவியில் உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவே முடியாது. ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்‌ஷன், சொசைட்டி லெட்டர்... எல்லாம் என் தலையில். முடியாது என்று சொல்லத் துப்பில்லை. எழுதிக் கொடுத்துத் தொலைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். செம்பூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினொரு வருஷமாகச் சமைக்கிறாள். இன்னும் டெம்பரரி. 'தீபாவளி கழியட்டும், உன்னைப் பெர்மனன்ட் ஆக்குகிறேன்' என்று பழைய மேனேஜர் நாலு பேர் முன்னால் சொன்னாராம். தீபாவளிக்கு முன்பே அவர் பூனாவுக்கு மாற்றலாகிப் போனார். புது மேனேஜர் வந்ததும் முதல் அறிவிப்பு – மாதக் கடைசியோடு டெம்பரரி ஆட்களுக்கெல்லாம் கும்பிடு.

"அண்ணாச்சி, பழைய சாரு என்னய பெர்மனன்ட் ஆக்குததா இருந்தாவன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதுங்க."

ஆக்குவதாக இருந்தார். அப்படியே எழுதினேன். வாஸ் கோயிங் டு மேக் மீ பெர்மனன்ட். இதில் என்ன தப்பு?

மறுநாள் சாயங்காலம் அதே பேப்பரோடு வந்து நின்றாள்.

"என்னத்த எழுதிக் குடுத்திய? இந்த மூணு வார்த்தைக்குக் கீழ கோடு போட்டுட்டுச் சிரிக்கான் அந்தப் புது மேனேஜரு. 'ஆக்கப் பாத்தாரு, ஆக்கல. நீயே எழுதியிருக்க. கத்தம், முடிஞ்சு போச்சு'ங்கான்."

"நீ சொன்னதத்தான எழுதுனேன்."

"அவிய வாயால சொன்னாவ அண்ணாச்சி. மனசுல நெனச்சிட்டு மட்டுமா போனாவ?"

சுருக்கென்றது.

மகளின் ஒன்பதாம் வகுப்பு கிராமர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடந்த காலத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைச் சொல்வதற்கு ஒரு பாடமே இருக்கிறது. 'வாஸ் கோயிங் டு' என்றால் செய்ய நினைத்தார், பெரும்பாலும் நடக்கவில்லை. 'ஸெட் ஹி வுட்' என்றால் செய்வதாகச் சொன்னார். ஒன்று வெறும் எண்ணம். இன்னொன்று கொடுத்த வாக்கு. யோசித்தால் தமிழிலும் அதேதான் – ஆக்குவதாக இருந்தார், ஆக்குவதாகச் சொன்னார். இருபது வருஷமாக ஊருக்கு லெட்டர் எழுதுகிறவனுக்கு இது உறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பதினொரு வருஷம் அவள் பொங்கிப் போட்டதைத் தின்ற கம்பெனிக்கு, அவள் கேட்டது என்னவென்று புரியவில்லையா? புரியாமலா சரியாக அந்த இடத்தில் கோடு போட்டான்?

திரும்ப எழுதினேன். ஹி ஸெட் ஹி வுட் மேக் மீ பெர்மனன்ட். கீழே, காதால் கேட்ட நாலு பேரின் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். முழுக்கப் படித்தானாம். இந்தத் தடவை கோடு இல்லை. சிரிப்பும் இல்லை. 'தேக்கேங்கே' என்றானாம். அதாவது, பார்க்கலாம்.

"அண்ணாச்சி, இது நல்லதா, கெட்டதா?"

தெரியவில்லை என்றேன். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இவனும் மாற்றலாகிப் போய் இன்னொருவன் வந்தால், அவனுக்கும் நான்தான் எழுதவேண்டும். இனி கிராமர் தப்பாது – ஹி ஸெட் ஹி வுட் ஸீ.